தலையைச் சாய்ச்சு நம்மளையே பாக்குதே, எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எங்க வீட்டுத் துணிக்கொடி மேல உக்காந்து பாடுற மேக்பை, அதான் இந்த ஊர் கருப்பு வெள்ளைப் பறவை, அதோட போட்டோ ஒண்ணு போட்டு, கீழ ரெண்டு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அதுக்கு வந்த மெயிலைப் பாத்தா மெல்பர்ன்ல இருக்கிற தமிழ் வீடு பாதிக்கு கொல்லைப்பக்கம் தினமும் இதே கூத்துதான் போல. சரி, இந்த மாசம் தோட்டக் கேள்வி, கறிவேப்பிலைச் செடி ஏன் பொசுங்குது கேள்வியெல்லாம் கொஞ்சம் ஓரமா நிக்கட்டும், மேக்பையை மட்டும் பேசி முடிச்சிடுவோம்.

கேள்வி: அக்கா, ஊர்லேர்ந்து எங்கம்மா வந்து மூணு மாசம் ஆகுது. அமாவாசை அன்னிக்கு காக்காய்க்கு சோறு வைக்கணும்னு ஃபென்ஸ் மேல வெச்சாங்க. காக்கா வரல, மேக்பைதான் ஜோடியா வந்து சாப்பிட்டுப் போச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இப்ப தினமும் வைக்கிறாங்க, நெய் வேற ஊத்தி. இது சரியா? பித்ரு கணக்குல சேருமான்னும் கேக்கச் சொன்னாங்க.
– வாசகி, டார்னீட்

பதில்: கடைசிக் கேள்விக்கு நான் ஆள் இல்லம்மா, அதுக்கு கேரம் டவுன்ஸ் கோயில்ல குருக்களைத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு சொல்லலாம், இது காக்கா குடும்பமே கிடையாது. வெள்ளைக்காரங்க இங்க வந்து இறங்கினப்போ அவங்க ஊர் மேக்பை மாதிரி கருப்பு வெள்ளையா இருந்துச்சுன்னு அதே பேரை இதுக்கும் ஒட்டிட்டாங்க, அவ்வளவுதான் சம்பந்தம். இதோட சொந்தக்காரன் எல்லாம் இந்த ஊர்ப் பறவைங்களான புச்சர்பேர்டும் கரவாங்கும். அம்மாவுக்கு காக்காதான் வேணும்னா மெல்பர்ன்ல லிட்டில் ரேவன் நிறைய இருக்கு, முழுக் கருப்பு, கண்ணு மட்டும் வெள்ளையா இருக்கும், நம்ம ஊர் அண்டங்காக்காய்க்குத் தம்பி மாதிரி.

இப்ப சோறு விஷயம். மேக்பை எப்படி சாப்பிடுதுன்னு அம்மாவை ஒரு நாள் காலைல டீயோட உக்கார வெச்சு பாக்கச் சொல்லுங்க. புல்லுல மெதுவா நடக்கும், குருவி மாதிரி தத்தாது, மாமனார் வாக்கிங் போற மாதிரி நடக்கும். திடீர்னு நிக்கும். தலையை ஒரு பக்கம் சாய்ச்சு அப்படியே சிலையா இருக்கும், ரெண்டு மூணு செகண்ட். அப்புறம் ஒரே குத்து, மண்ணுக்குள்ள பாதி அலகு போய் வெளிய வரும்போது வெள்ளையா கொழுகொழுன்னு வண்டுப் புழு ஒண்ணு நெளியும். மண்ணுக்கடியில புழு நகர்ற சத்தத்தைக் காதால கேட்டுத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்குதுன்னு 1981லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. நம்ம பக்கத்து ரூம்ல மொபைல் அடிச்சா கேக்க மாட்டேங்குது.

இப்படி புழு, வண்டு, சிலந்தின்னு சாப்பிடற வயித்துக்கு உப்பு போட்ட சோறும் நெய்யும் ஒத்து வராது. பிரெட்டும் அப்படித்தான். இங்க நிறைய பேர் கடையில மின்ஸ், அதாவது கொத்துக்கறி வாங்கிப் போடுவாங்க, அதுல கால்சியம் பத்தாது, அலகுல வேற ஒட்டிக்கும், குஞ்சுக்கு கொண்டு போய் ஊட்டிச்சுன்னா வளர்ற எலும்புக்குக் கேடு. அமாவாசைக்கு ஒரு பிடி வெச்சா ஒண்ணும் ஆயிடாது, தினமும் வேண்டாம், எலியும் வரும். அதுக்குப் பதிலா ஒரு மண் தட்டுல ரெண்டு விரல் ஆழத்துக்கு தண்ணி வெச்சு தினம் கழுவி மாத்துங்க. ஜனவரி வெயில்ல பாருங்க, குடிக்க வந்தது குளிச்சுட்டுத்தான் போகும், அம்மாவுக்கு சோத்தை விட அது நல்ல ஷோ.

கேள்வி: 70–300 லென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. மேக்பை போட்டோ எடுத்தா ஒண்ணு வெள்ளை எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, இல்லன்னா கருப்பு எல்லாம் தார் ஊத்தின மாதிரி. கண்ணே தெரிய மாட்டேங்குது. கேமராவில கோளாறா, என்கிட்ட கோளாறா?
– வாசகர், பாயின்ட் குக்

பதில்: ரெண்டுலயும் இல்ல, பறவைகிட்டதான் கோளாறு. ஒரே உடம்புல அட்டக் கருப்பும் பளீர் வெள்ளையும் பக்கத்துல பக்கத்துல. அதுவும் நம்ம மெல்பர்ன் பக்கம் இருக்கிறது வெள்ளை முதுகு ஜாதி, சிட்னி பக்கம் மாதிரி கருப்பு முதுகு இல்ல, அதனால நமக்கு தொல்லை ஒரு படி ஜாஸ்தி. கேமரா ஃபிரேம்ல கருப்பு நிறைய இருக்கேன்னு நினைச்சு வெளிச்சத்தைத் தூக்கி விடும், உடனே பிடரி வெள்ளை வெந்து போயிடும். வெந்து போன வெள்ளையை எந்த சாஃப்ட்வேராலும் திருப்பிக் கொண்டு வர முடியாது, கருப்பை மட்டும் கொஞ்சம் தோண்டி எடுக்கலாம். அதனால எப்பவுமே வெள்ளையைக் காப்பாத்துங்க. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7ல வைங்க, வெயில் அடிச்சா மைனஸ் 1 கூட, ஜேபெக்கா இல்லாம ராவ் (RAW) ஃபைலா எடுங்க, கேமராவில ஹைலைட் அலர்ட்டை ஆன் பண்ணிட்டா வெந்த இடம் கண்சிமிட்டிக் காட்டும், அது நிக்கற வரைக்கும் குறைங்க. நடக்கிற மேக்பைக்கு ஷட்டர் 1/500 போதும், பறந்தா 1/1600க்கு மேல போங்க, அதுக்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுற அளவு, 1600, 3200னு ஏறினா பயப்படாதீங்க.

ஆனா செட்டிங்கை விட நேரம்தான் முக்கியம்னு நான் சொல்வேன். மத்தியானம் பதினோரு மணிக்கு மேல இந்தப் பறவையை எடுக்கவே எடுக்காதீங்க. காலைல சூரியன் ஃபென்ஸைத் தாண்டி வர்ற அந்த முதல் அரை மணி நேரம், இல்லன்னா மெல்லிசா மேகம் மூடின நாள், மெல்பர்ன்ல அதுக்கா பஞ்சம்? அப்போ பாத்தீங்கன்னா கருப்பு வெறும் கருப்பா இருக்காது, இறக்கையில நீலம் ஓடும். கண்ணு செம்பழுப்பு நிறத்துல மின்னும். அலகு சாம்பல் நீலமா இருந்து நுனில மட்டும் மையில தோச்ச மாதிரி கருப்பா முடியும். இதெல்லாம் ஆறு மாசமா உங்க போட்டோல இருந்துச்சு, வெயில் மறைச்சிடுச்சு.

இன்னொண்ணு, நின்னுக்கிட்டு கீழ பாத்து எடுக்காதீங்க, பின்னாடி வெறும் புல்லுதான் விழும். படுங்க. நான் பழைய யோகா மேட்டை விரிச்சு குப்புறப் படுத்துத்தான் எடுக்கிறேன், ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பாட்டி ஃபென்ஸுக்கு மேல எட்டிப் பாத்து ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேட்டாங்க. படுத்தா கண்ணுக்கு நேர் கண்ணு வரும், பின்னணி மங்கிப் போயிடும், முக்கியமா பறவைக்கு நீங்க சின்னதாத் தெரிவீங்க. பத்து நிமிஷம் அசையாம கிடந்தா அதுவே நடந்து கிட்ட வரும், லென்ஸ் ஃபோகஸ் பண்ற தூரத்துக்கும் உள்ள வந்து நின்னு, இப்ப என்ன பண்ணுவேன்னு பாக்கும். துரத்திக்கிட்டுப் போய் எடுத்த போட்டோ எல்லாத்துலயும் முதுகுதான் இருக்கும், நீங்க அனுப்பின நாலும் அப்படித்தான், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் சைக்கிள்ல வேலைக்குப் போறனான். போன செப்டம்பர்ல ஒரு மேக்பை ஒவ்வொரு நாளும் அதே சந்தியில பின்னால வந்து ஹெல்மெட்ல டக்கெண்டு அடிச்சுப் போட்டுப் போகுது. மனுசி நடந்து போனா ஒண்டும் செய்யுதில்லை. என்னில மட்டும் என்ன கோவம்? இந்த முறை அதை வடிவா ஒரு படம் எடுக்கவேணும் எண்டும் ஆசை.
– வாசகர், டான்டினாங்

பதில்: அண்ணே, உங்க மேல இல்ல, சைக்கிள் மேல. அடிக்கிறது எல்லாம் அநேகமா ஆண் பறவைதான், அதுலயும் பத்துல ஒண்ணு அளவுதான் இந்த வேலை பண்ணும், கூட்டுல குஞ்சு இருக்கிற ஒரு ஆறு வாரம் மட்டும். பிரிஸ்பேன்ல கிரிஃபித் யூனிவர்சிட்டி பேராசிரியர் டேரில் ஜோன்ஸ் வருஷக்கணக்கா இதைத்தான் ஆராய்ச்சி பண்ணினார், அதுல தெரிஞ்சது என்னன்னா நடக்கிறவங்களை மட்டும் அடிக்கிற மேக்பை, சைக்கிளை மட்டும் அடிக்கிறது, தபால்காரரை மட்டும் அடிக்கிறதுன்னு தனித்தனி டிபார்ட்மெண்டா வெச்சிருக்குதுங்க. உங்களுக்கு வாய்ச்சது சைக்கிள் டிபார்ட்மெண்ட்.

அந்த சந்திக்கு நூறு மீட்டர் முன்னாடியே இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கண்ணாடி போடுங்க. கண்ணுலதான் நிஜமான ஆபத்து, காதுல ரத்தம் வந்தா ஆறிடும். ஹெல்மெட்ல கேபிள் டை முள்ளு முள்ளா கட்டிக்கிட்டு முள்ளம்பன்றி மாதிரி போறவங்களைப் பாத்திருப்பீங்க, அது பெருசா உதவாது, பறவை அதுக்கும் பழகிடுது, ஆனா பாக்கிற நமக்கு நல்ல பொழுதுபோக்கு. கையை வீசிக் கத்தறது, கல் எறியறது மட்டும் கூடவே கூடாது. விக்டோரியால இது 1975 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எறிஞ்ச ஆள் மூஞ்சியை அது ஞாபகம் வெச்சுக்கும், அடுத்த வருஷமும் வட்டியோட திருப்பித் தரும். வேற ரூட் வேணும்னா மேக்பை பாய்ஞ்சு அடிக்கிற இடத்தையெல்லாம் குறிச்சு கவர்மெண்ட் போடுற ஸ்வூப் மேப்ல எந்தத் தெருன்னு பாத்துக்கலாம்.

படம் எடுக்கிற ஆசையை டிசம்பருக்குத் தள்ளி வைங்க அண்ணே. குஞ்சு கூட்டை விட்டு இறங்கின பிறகு அதே பறவை உங்களைத் திரும்பிக்கூடப் பாக்காது. கூட்டுக்கு அடியில போய் கேமராவைத் தூக்கிக்கிட்டு நின்னா அடி வாங்கறதும் நியாயம்தான்.

கேள்வி: சிட்னில எங்க வீட்டுக்கு மூணு சைஸ்ல மேக்பை வருது. பெருசு, நடு, சின்னது. அப்பா, அம்மா, குட்டியா?
– வாசகி, டூங்காபி

பதில்: மூணும் வேற வேற ஜாதி. போட்டோல பெருசா இருக்கிறது பைட் கரவாங், மஞ்சள் கண்ணைப் பாருங்க, பிடரில வெள்ளையே இல்ல, வாலுகிட்டயும் இறக்கையிலயும் மட்டும்தான். சின்னது மேக்பை லார்க், பீவீன்னும் சொல்வாங்க, வெளிர் கண்ணு, மெல்லிசு அலகு, மண்ணுல கிண்ணம் மாதிரி கூடு கட்டும். நடுவுல இருக்கிறது மட்டும்தான் நம்மாளு. குட்டி மேக்பை கிட்டத்தட்ட அப்பா சைஸ்லயே, ஆனா கருப்புக்குப் பதிலா சாம்பல் பழுப்பா அழுக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கும், நாள் பூரா அம்மா பின்னாடியே வாயைத் திறந்துக்கிட்டு நொய்நொய்னு கத்திக்கிட்டே ஓடும், பாத்த உடனே தெரிஞ்சிடும், நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்குமே.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 9 வயசு. எங்க வீட்டுக்கு வர்ற மேக்பைக்கு முருகன்னு பேர் வெச்சிருக்கேன். நான் வந்தா கிட்ட வருது, என் அண்ணன் வந்தா பறந்திடுது. அதுக்கு என்னை நிஜமா தெரியுமா? (அம்மா டைப் பண்ணித் தந்தாங்க. போட்டோ நான் எடுத்தது.)
– குட்டி வாசகர், கிளென் வேவர்லி

பதில்: நிஜமா தெரியும் கண்ணா. மனுஷங்க மூஞ்சியைத் தனித்தனியா அடையாளம் வெச்சுக்கிற பறவை அது. ஒரே இடத்துல வருஷக்கணக்கா குடும்பமா இருக்கும், இருபது வருஷத்துக்கு மேலகூட உயிரோட இருக்கும், அதனால நீ காலேஜ் போற வரைக்கும் உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அண்ணன் ஏதோ ஒரு நாள் பந்தை எறிஞ்சிருப்பான், கேட்டுப் பாரு.

எவ்வளவு புத்திசாலின்னு ஒரு கதை சொல்றேன், 2022ல வெளிவந்த ஆய்வு இது. குயின்ஸ்லாந்துல சில விஞ்ஞானிங்க மேக்பை எங்கெல்லாம் போகுதுன்னு பாக்கிறதுக்காக அஞ்சு பறவைக்கு முதுகுல ஸ்கூல் பேக் மாதிரி குட்டி டிராக்கர் மாட்டி விட்டாங்க. ஒரு கிராம்கூட இல்ல, அதை இழுத்தாலும் கழட்ட முடியாதுன்னு டிசைன் பண்ணினது. கடைசி பையை மாட்டி பத்து நிமிஷம் ஆகல, டிராக்கர் இல்லாத ஒரு அம்மா மேக்பை வந்து இன்னொரு சின்னப் பறவை முதுகுல இருந்த பட்டையை அலகால கொத்திக் கொத்திக் கழட்டி விட்டுடுச்சு. மூணு நாளைக்குள்ள கூட்டத் தலைவனோட பையும் போச்சு. விஞ்ஞானிங்களுக்கு மேக்பை எங்க போச்சுன்னு தெரியல, ஆனா ஒண்ணுக்கொண்ணு உதவி பண்ணும்னு தெரிஞ்சது, அதைப் பேப்பரா எழுதிட்டாங்க.

ஒரே ஒரு விஷயம், தப்பா நினைக்காதே. உன் போட்டோல பிடரியும் முதுகும் பளிச்சுன்னு வெள்ளையா இல்ல, சாம்பல் கலந்து செதில் செதிலா இருக்கு பாரு. ஆணுக்கு சுத்த வெள்ளையா இருக்கும். அதனால இது முருகன் இல்ல, வள்ளி. போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு, பாயின்ட் குக் அங்கிளை விட நல்லா வந்திருக்கு.

கேள்வி: போன கோடையில ஒரு மேக்பை புல்லுல இறக்கையை விரிச்சு, வாயைப் பிளந்து, செத்த மாதிரி கிடந்துச்சு. பதறிப்போய் டவல் எடுத்துக்கிட்டு ஓடினேன், எழுந்து நடந்து போயிடுச்சு. என்ன வியாதி?
– வாசகி, க்ரேகிபர்ன்

பதில்: வியாதி இல்ல, சன்பாத். எங்க வீட்ல முதல் தடவை பாத்தப்போ நானும் ஷூ பாக்ஸோட ஓடினவதான். நல்ல வெயில்ல இறக்கையையும் வாலையும் விசிறி மாதிரி தரையோட விரிச்சுப் போட்டு, அலகைத் திறந்துக்கிட்டு கண்ணு சொருகி கிடக்கும். அடுத்த தடவை டவலை விட்டுட்டு கேமராவை எடுங்க, தூரத்துலேர்ந்து. கிட்ட போயும் அசையவே இல்ல, இறக்கை ஒரு பக்கமா தொங்குதுன்னா மட்டும் வைல்ட்லைஃப் விக்டோரியாவுக்கு போன் பண்ணுங்க, என்ன பண்ணணும்னு சொல்வாங்க.

கேள்வி: லண்டன்லேர்ந்து எழுதுறேன். எங்க தோட்டத்துக்கு வர்றதுதான் ஒரிஜினல் மேக்பை! ஒத்தையா பாத்தா ஆகாதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சல்யூட் அடிக்கிறார். பளபளப்பான சாமானைத் திருடும்னும் சொல்றாங்க. தாலிச்செயினைக் கழட்டி வைக்கணுமா?
– வாசகி, ஹாரோ

பதில்: வேண்டாம்மா, தாலி பத்திரமா இருக்கும். இங்கிலாந்துல எக்ஸிடர் யூனிவர்சிட்டிலயே 2014ல சோதிச்சுப் பாத்துட்டாங்க, பளபளக்கிற ஸ்க்ரூவும் மோதிரமும் ஃபாயிலும் பக்கத்துல வெச்சா திருடறது இருக்கட்டும், பயந்துக்கிட்டு தீனியே சரியா எடுக்கலையாம். உங்க மேக்பை நிஜமாவே காக்கா குடும்பம், நீண்ட வால், பச்சையும் நீலமும் அடிக்கும், அதனால வாலை ஃபிரேமுக்குள்ள விட மறந்துடாதீங்க. கண்ணாடில பாத்து அது நான்தான்னு புரிஞ்சுக்கிற பறவைன்னு 2008ல ஜெர்மனில காட்டினதும் இந்த ஜாதியை வெச்சுத்தான். அந்த சல்யூட் ஆளை விட்டுடுங்க, நம்ம பூனை குறுக்க போனா திரும்பி வீட்டுக்கு வர்ற கூட்டம்தானே.

கேள்வி: என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. நீங்க போட்ட பாடுற போட்டோ மாதிரி எடுக்க முடியுமா?
– வாசகர், வெரிபி

பதில்: முடியும். சமையலறை ஜன்னல்தான் உங்க மறைவிடம், உள்ள லைட்டை அணைச்சிட்டு, போனைக் கண்ணாடியோட ஒட்டி வைங்க, சாய்ச்சா உங்க மூஞ்சிதான் விழும். பறவை மேல தொட்டு ஃபோகஸ் லாக் பண்ணி, பக்கத்துல வர்ற சூரியன் குறியைக் கொஞ்சம் கீழ இழுங்க, பர்ஸ்ட்ல, அதாவது பட்டனை அழுத்திப் பிடிச்சு மளமளன்னு தொடர்ச்சியா எடுங்க. ஜூம் ரெண்டு மடங்குக்கு மேல வேண்டாம்.

பாடப் போகுதுன்னு முன்னாடியே தெரியும். பக்கத்து யூகலிப்டஸ்லேர்ந்து ஒண்ணு ஆரம்பிக்கும், உங்க கொடி மேல இருக்கிறது நிமிரும், தொண்டை இறகு சிலிர்த்துக்கும், அலகு மேல போகும், அப்புறம் அந்த குழல் மாதிரி தொண்டைக்குள்ளயே உருட்டி உருட்டி வர்ற சத்தம். ரெண்டு மூணு சேர்ந்து பாடறது இது எங்க ஏரியான்னு சொல்றதுக்கு. தனியா இருக்கும்போது முணுமுணுன்னு வேற ஒரு பாட்டு, அதுல நாய் குரைக்கிறதெல்லாம் கலந்து வரும், 2020 தொடக்கத்துல இங்க ஆஸ்திரேலியால காட்டுத்தீ சமயத்துல நியூகாசில்ல ஒண்ணு ஃபயர் இன்ஜின் சைரன் மாதிரியே பாடின வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க.

ஜூலைல, 4 டிகிரி, 5 டிகிரி இருக்கிற காலைல, சூரியன் பறவைக்குப் பின்னாடி தாழ இருக்கணும், அதுக்கும் பின்னால இருட்டா ஒரு மரமோ ஷெட்டோ இருக்கணும். அப்போ பாடினா அலகுலேர்ந்து மூச்சு புகையா கிளம்பும், ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு சின்னப் புகை. அதைப் பிடிக்க நான் மூணு குளிர்காலமா பைஜாமாவோட வாசல்ல நிக்கிறேன். இது வரைக்கும் ஒரே ஒரு ஃபிரேம்ல புகை விழுந்திருக்கு, அதுல பறவையோட தலை பாதி வெட்டுப்பட்டுப் போச்சு.